நியூத்திரனைப் பிடிக்க எந்த வலை: திரவமா, பிளாஸ்ரிக்கா, ஈலியம்-3ஆ?

எங்கள் ஒழுங்கைத் தம்பி ஒருவன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் முடித்துவிட்டு வெளிநாட்டில் கலாநிதிப் படிப்புக்குப் போக நிற்கிறான். விமானம் ஏற முதலே மேற்பார்வையாளரிடம் இருந்து வேலை வந்துவிட்டது: ஏற்றப் பரிமாற்றத் தாக்கத்தில் (அணுக்கருவுக்குள் ஒரு நியூத்திரன் புரோத்தனாக மாறுவது) அருட்டப்பட்ட, அதாவது சக்தி ஏறிய, கரு தேயும்போது வெளியேறும் நியூத்திரனை அளக்க எந்த உணரி பொருத்தம் என்று இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பு. பெடியன் ஒரு பின்னேரம் லப்டொப்பும் கையுமாக வந்து எங்கள் திண்ணையில் இருந்தான். தேத்தண்ணி ஆற முதலே கேட்டான்: "ஈலியம்-3 வாயு உணரி எடுத்தால் பாதிக்கு மேல் பிடிக்கலாம், மினுங்கும் திரவம் எடுத்தால் ஒரு வீதம்கூட வராது. இதில் யோசிக்க என்ன இருக்கு அண்ணா?"

யோசிக்க நிறைய இருக்கிறது. அவனுக்குச் சொன்னதையும், அவன் திருப்பிக் கேட்டு என்னை மடக்கியதையும் இங்கே எழுதுகிறேன். இதே தெரிவோடு நிற்கும் வேறு யாருக்காவது உதவட்டும்.

முதலில் என்ன அளக்கிறோம் என்று பார்ப்போம். ஈயம்-208 தகடு ஒன்றை வைத்து அதன்மேல் ஈலியம்-3 கற்றையை (வேகப்படுத்திய ஈலியம்-3 கருக்களின் ஓட்டம்) விடுகிறோம். ஜப்பானில் ஒசாக்காவில் இருக்கும் கிராண்ட் ரெய்டன் என்ற காந்த ஸ்பெக்ட்ரோமீற்றரில் இந்த வேலைக்கு வழக்கமாக எடுப்பது மொத்தம் 420 மெகா இலத்திரன் வோல்ட், அதாவது நியூக்கிளியோன் (புரோத்தன் அல்லது நியூத்திரன்) ஒன்றுக்கு 140. (கருக்களின் சக்தியை அளக்கும் அலகு இது, இனி எம்ஈவி என்றே எழுதுகிறேன், கை நோகுது.) போன ஈலியம்-3 திரித்தனாக (ஒரு புரோத்தனும் இரண்டு நியூத்திரனும் உள்ள கரு) வெளியே வருகிறது, அதனிடம் இருந்த ஒரு புரோத்தன் நியூத்திரனாக மாற, ஈயத்துக்குள் ஒரு நியூத்திரன் புரோத்தனாக மாறி அது பிசுமது-208 ஆகிவிடுகிறது. திரித்தனின் உந்தத்தைக் காந்தத்தால் வளைத்து அளந்தால், பிசுமதுக்குள் எவ்வளவு அருட்டல் சக்தி போனது என்று கணக்காகத் தெரியும். இதே மாற்றத்தைப் புரோத்தன் விட்டு நியூத்திரன் எடுக்கும் தாக்கத்தாலும் செய்யலாம், ஆனால் அங்கே தாக்கத்தில் வெளிவரும் துணிக்கையே நியூத்திரன். தேய்வில் வருவதும் நியூத்திரன் என்றால் எது எதுவென்று பிரிக்கும் கரைச்சல் வேறு. திரித்தன் ஏற்றமுள்ளது, காந்தம் சொன்ன வழிக்குப் போகும், நியூத்திரன் என்று ஒன்று வந்தால் அது தேய்வில் வந்ததாக இருக்க வாய்ப்புண்டு. "வாய்ப்புண்டு" என்ற சொல்லைக் கவனியுங்கள், பின்னால் அதில்தான் முழுச் சண்டையும் இருக்கிறது.

பிசுமது-208ஐ ஏறக்குறைய 6.9 எம்ஈவிக்கு மேலே அருட்டினால் ஒரு நியூத்திரனை அதனால் வெளியே விட முடியும். 15.0க்கு மேலே என்றால் இரண்டு. கமோவ்-ரெல்லர் ஒத்திசைவு (நியூக்கிளியோன்கள் பல சேர்ந்து ஒரே தாளத்தில் அருட்டப்படுவது, அந்தச் சக்தியில் திரித்தன் எண்ணிக்கை மேடாக எழும்) என்ற பெரிய மேடு இருப்பது 15.5க்குக் கிட்ட, அதாவது சரியாக அந்த இரண்டாவது வாசற்படியில். அதனால்தான் இந்தக் கரு இவ்வளவு சுவாரசியம். கனடாவின் ஸ்னோலாப் சுரங்கத்தில் ஹேலோ என்று ஒரு உணரி இருக்கிறது, 79 தொன் ஈயம், சுப்பர்நோவா வெடித்தால் வரும் நியூத்திரினோ (ஏற்றமில்லாத மிக இலேசான துணிக்கை, நியூத்திரன் அல்ல) ஈயத்தில் பட்டு இதே பிசுமதுவை இதே மாதிரி அருட்டும், பிறகு வெளிவருவது ஒரு நியூத்திரனா இரண்டா என்பதை எண்ணித்தான் அங்கே வந்த நியூத்திரினோவின் சக்தியை ஊகிக்க வேண்டும். ஆகவே "எத்தனை நியூத்திரன்" என்பது ஒரு கேள்வி.

இன்னொரு கேள்வி "எவ்வளவு வேகத்தில்". அருட்டப்பட்ட கரு இரண்டு விதமாக நியூத்திரனை விடும். சக்தி எல்லா நியூக்கிளியோன்களுக்கும் பகிரப்பட்டு, கரு ஒரு சூடான துளி மாதிரி ஆகி, அதில் இருந்து ஆவி பறப்பதுபோல் ஒன்று வெளியே வரும். அப்படி வருவது பெரும்பாலும் ஒன்று, இரண்டு எம்ஈவி. அல்லது சக்தி பரவ முதலே, ஒத்திசைவின் தொடக்க நிலையில் இருந்து நேரடியாக ஒரு நியூத்திரன் பாயும். அது பிசுமது-207இன் தரை நிலைக்கே போனால் 15.5இல் 6.9 போக 8.6 எம்ஈவியோடு வரும். இந்த நேரடிப் பங்கு எவ்வளவு என்பது அந்த மேடு உள்ளே எந்தத் துணிக்கைகளால், அவை விட்டுப்போன எந்த வெற்றிடங்களால் கட்டப்பட்டது என்பதைச் சொல்கிறது. புரோத்தன் பக்கத்தை 1990களிலேயே ஒசாக்காவில் சிலிக்கன் உணரி வைத்து அளந்துவிட்டார்கள், புரோத்தனாகத் தேய்வது ஐந்து வீதத்துக்குக் கிட்டத்தான். மிச்சம் கிட்டத்தட்ட எல்லாம் நியூத்திரன். சிலிக்கனில் புரோத்தன் தன் சக்தியை அப்படியே கொட்டிவிட்டு நிற்கும், நியூத்திரன் அப்படிக் கொட்டாது, அதனால்தான் இந்தக் கட்டுரை இவ்வளவு நீளம்.

தம்பியிடம் நான் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: உமக்கு எண்ணிக்கை வேணுமா, வேகம் வேணுமா? அவன் "இரண்டும்" என்றான். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

வேகம் வேண்டும் என்றால் வழி ஒன்றுதான், பறக்கும் நேரத்தை அளப்பது. கோயில் திருவிழாவில் தூரத்தில் நின்று வாணம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, வெளிச்சம் முதலில் வரும், சத்தம் பிறகு, இடையில் எண்ணினால் தூரம் தெரியும். இங்கே தூரம் தெரியும், நேரத்தை எண்ணி வேகத்தை எடுக்கிறோம். 1 எம்ஈவி நியூத்திரன் ஒரு நனோசெக்கனில் 1.4 செ.மீ. ஓடும். உணரியை இரண்டு மீற்றரில் வைத்தால் அது வந்து சேர 145 நனோசெக்கன். 8.6 எம்ஈவிக்காரன் 50இல் வந்துவிடுவான். 0.1 எம்ஈவி சோம்பேறிக்கு 450க்கு மேலே வேண்டும். காமாக் கதிர் 7 நனோசெக்கனில் வந்து கதவைத் தட்டும்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நேரத்தை 1 நனோசெக்கனுக்குச் சரியாக அளந்தால் 1 எம்ஈவியில் சக்திப் பிழை ஒன்றரை வீதம்கூட இல்லை, வடிவான அளவு. ஆனால் 8.6இல் அதே 1 நனோசெக்கன் 4 வீதம் ஆகிவிடும், 350 கிலோ இலத்திரன் வோல்ட். உணரி 5 செ.மீ. தடிப்பு என்றால் நியூத்திரன் அதற்குள் எந்த ஆழத்தில் மோதியது என்று தெரியாது, இரண்டு மீற்றரில் 5 செ.மீ. என்பது சக்தியில் இன்னும் 5 வீதம். தடிப்பைக் குறைத்தால் பிடிபடுவது குறையும், தூரத்தைக் கூட்டினால் அதுவும் குறையும். எந்தப் பக்கம் இழுத்தாலும் மறுபக்கம் குறுகும் போர்வைதான்.

சரி, திரவத்துக்கு வருவோம்.

திரவ சிண்டிலேற்றர் என்பது துணிக்கை பட்டால் மினுங்கும் எண்ணெய் மாதிரி ஒன்று, அலுமினியக் கலத்துக்குள் அடைத்துப் பின்னால் ஒளிபெருக்கும் குழாய் பூட்டியிருக்கும். நியூத்திரன் அதில் உள்ள ஐதரசன் கருவை மோதி உதைக்கும், உதை வாங்கிய புரோத்தன் மினுக்கும். பழைய காலத்தில் இருந்து எல்லாரும் பாவித்தது என்.ஈ. 213 என்ற திரவம். பாரிய ஒத்திசைவுகளின் (மேலே சொன்ன மேடு போன்றவை) நியூத்திரன் தேய்வை அளக்கவென்றே ஈடன் என்று ஒரு உணரிக் கூட்டம் பிரான்சில் ஓர்சேயில் கட்டப்பட்டது, அதுவும் இந்தத் திரவம்தான். இதன் பெரிய குணம், மினுக்கத்தின் வால். காமா வந்து இலத்திரனை உதைத்தால் வெளிச்சம் சட்டென்று அணையும், நியூத்திரன் வந்து புரோத்தனை உதைத்தால் வால் கொஞ்சம் நீளும். மொத்த வெளிச்சத்தையும் வாலின் வெளிச்சத்தையும் ஒரு படத்தில் புள்ளி புள்ளியாகப் போட்டால் இரண்டு கிளையாகப் பிரிந்து நிற்கும். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் அவித்த பனங்கிழங்கை இரண்டாகக் கிழித்துப் பிடித்ததுதான் ஞாபகம் வரும், நுனியில் நன்றாக விலகி நிற்கும், அடியில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரச்சினை முழுக்க அந்த அடியில்தான். 1 எம்ஈவி புரோத்தன் தருகிற வெளிச்சம் அதே சக்தி இலத்திரன் தருவதில் ஐந்தில் ஒன்றோ ஆறில் ஒன்றோதான், அதனால் அரை எம்ஈவிக்குக் கீழே போனால் எது காமா எது நியூத்திரன் என்று திரவத்தால் சொல்ல முடியாது. ஆவியாக வரும் நியூத்திரன்களில் நல்ல பங்கு அங்கேதான் இருக்கிறது.

இந்தத் திரவத்தோடு எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. நான் படித்த இடத்தில் ஒரு கலத்தின் கிளைகள் இரண்டும் நாளுக்கு நாள் நெருங்கிக்கொண்டு வந்தன. கேபிள் மாற்றினேன், உயர் அழுத்தத்தை ஏற்றினேன், இறக்கினேன், இலத்திரனியல் பெட்டியைத் திட்டினேன், மூன்று நாள் போச்சு. கடைசியில் பார்த்தால் மூடி இறுகவில்லை, ஒட்சிசன் உள்ளே கரைந்துவிட்டது. ஒட்சிசன் கரைந்தால் அந்த நீண்ட வால்தான் முதலில் செத்துப்போகும். நைதரசனை மெதுவாகக் குமிழ் விட்டுக் கழுவி மூடிய பிறகு படம் பழையபடி பிளந்து நின்றது. அன்றைக்கு என்னிடம் நைதரசன் சிலிண்டர் இருந்தது, ஒரு இரவும் இருந்தது, கற்றை ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் இப்படி நடந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

இன்னொன்று, என்.ஈ. 213 போன்ற சைலீன் அடிப்படைத் திரவங்கள் 26 பாகை செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். எங்கள் ஊரில் பங்குனி, சித்திரையில் அறைக்குள்ளேயே அதைவிடச் சூடு. அதனால் இப்போது வாங்குகிறவர்கள் ஈ.ஜே. 309 என்ற திரவத்தின் பக்கம் போகிறார்கள், அதன் தீப்பற்று வெப்பநிலை 144 பாகை, பிரிக்கும் திறன் சற்றுக் குறைவு, ஆனால் பாதுகாப்பு அதிகாரி நித்திரை கொள்வார். திண்மப் பளிங்குகளும் உண்டு, ஸ்ரில்பீன், பாரா-ரேர்பீனைல் என்று, பிரிப்பது திரவத்தைவிட நல்லாகவே பிரிக்கும். ஒரு சுவர் நிறைய வாங்கும் அளவுக்குக் காசு உள்ளவர்கள் இந்தக் கட்டுரையை வாசிக்கத் தேவையில்லை.

பிளாஸ்ரிக்கைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மலிவு, வெட்டி எந்த வடிவத்திலும் எடுக்கலாம், ஒழுகாது, நேரத்தில் படு சுறுசுறுப்பு. நீளமான கோலாக வெட்டி இரண்டு முனையிலும் ஒளிபெருக்கி பூட்டினால், இரண்டு முனைக்கும் வெளிச்சம் வந்த நேர வித்தியாசத்தில் எங்கே மோதியது என்றும் தெரியும். இரண்டு முனையும் ஒன்றாக ஒப்புக்கொண்டால்தான் எடுப்பேன் என்று வைத்தால் குழாயின் சொந்த இரைச்சல் போய்விடும், அதனால் வாசல் மட்டத்தை (இதைவிடச் சிறிய மினுக்கத்தை எண்ணாதே என்று வைக்கும் எல்லை) மிகக் கீழே இறக்கலாம். அமெரிக்காவில் மிச்சிகனில் இருந்த லெண்டா என்ற உணரிக் கூட்டம் அப்படிப்பட்டது, 150 கிலோ இலத்திரன் வோல்ட் அளவு சோம்பேறி நியூத்திரனையும் பார்த்தது, நிக்கல்-56இல் ஏற்றப் பரிமாற்றம் செய்ததற்குப் பெயர் பெற்றது. ஆனால் சாதாரண பிளாஸ்ரிக் காமாவையும் நியூத்திரனையும் பிரிக்காது. நேரத்தை வைத்தே பிரிக்க வேண்டும், 7ஆம் நனோசெக்கனில் வந்தால் காமா, 100இல் வந்தால் நியூத்திரன் என்று. உடன் வருகிற காமாவுக்கு இது போதும். எங்கோ சுவரில் இருந்து எந்த நேரத்திலும் வருகிற காமாவுக்குப் போதாது. வாலைப் பிரிக்கக்கூடிய புது வகைப் பிளாஸ்ரிக்கும் வந்துவிட்டது, ஜப்பானின் ரைக்கன் ஆய்வு நிலையத்தில் பண்டோரா என்ற உணரியை அதை வைத்துத்தான் கட்டினார்கள், ஆனால் கீழ் மட்டத்தில் அதன் பனங்கிழங்கு திரவத்தினுடையதைவிட அதிகமாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

இனித் தம்பியின் செல்லப்பிள்ளை, ஈலியம்-3. (கற்றையும் ஈலியம்-3, உணரிக்குள் அடைக்கும் வாயுவும் ஈலியம்-3, குழம்ப வேண்டாம்.) மெதுவான நியூத்திரனை இந்த வாயு அவ்வளவு ஆசையாக விழுங்கும், விழுங்கி ஒரு புரோத்தனையும் திரித்தனையும் 764 கிலோ இலத்திரன் வோல்ட்டோடு கக்கும், அந்த மின் துடிப்பைக் காமா என்று யாரும் மாறி நினைக்க முடியாது. வேகமான நியூத்திரனை மெதுவாக்கப் பொலித்தீன் கட்டிகளுக்குள் இந்தக் குழாய்களைச் செருகி இலக்கைச் சுற்றி நாலு பக்கமும் அடைத்துவிடுவார்கள். ரைக்கனில் பீற்றாத் தேய்வுக்குப் பிறகு வரும் நியூத்திரனை எண்ண வைத்த பிரிக்கன் அப்படிப்பட்டது, வருகிற நியூத்திரன்களில் பாதிக்கு வெகுவாக மேலே பிடித்தது.

பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் பொலித்தீனுக்குள் நியூத்திரன் போவது மணற்காட்டு மணலுக்குள் சைக்கிள் உருட்டுவது மாதிரி, எப்போது கரை சேரும் என்று யாருக்கும் தெரியாது. பத்து மைக்குரோசெக்கனிலும் வரும், நூற்றைம்பதிலும் வரும், வரும்போது கொண்டுவந்த சக்தி எல்லாம் மணலோடு போயிருக்கும். பண்ணைக் கடலில் களங்கட்டி வலை பார்த்திருப்பீர்கள், இரவு விட்டுவிட்டுக் காலையில் போய் எத்தனை என்று எண்ணலாம், எந்த மீன் எத்தனை மணிக்கு என்ன வேகத்தில் நுழைந்தது என்று கேட்கக் கூடாது. ஈலியம்-3 பெட்டியும் அதுதான். வேகம் வேண்டும் என்றவனுக்கு இது முதலாவது சுற்றிலேயே வெளியே. தவிர, இந்த வாயு திரித்தியம் தேய்ந்துதான் கிடைக்கிறது, திரித்தியம் பெரும்பாலும் அணுகுண்டுக்காகச் செய்தது, 2008, 2009 அளவில் கையிருப்புத் தட்டுப்பாடு வந்து விலை ஏறியது. ஹேலோவில் இருப்பதுகூடப் பழைய எஸ்.என்.ஓ. நியூத்திரினோப் பரிசோதனையில் மிஞ்சிய குழாய்கள்தான்.

"அப்ப எண்ணிக்கை மட்டும் வேணும் என்றால்?" என்றான் தம்பி. பெடியன் விடவில்லை.

இங்கேதான் "வாய்ப்புண்டு" என்ற சொல் திரும்பி வருகிறது. ஈலியம்-3 கற்றைக்கும் திரித்தனுக்கும் திணிவு ஏறத்தாழ ஒரே அளவு, வேகமும் ஒரே அளவு, ஆனால் ஏற்றம் முறையே இரண்டு, ஒன்று. ஆகவே காந்தத்துக்குள் கற்றை திரித்தனைவிட இரு மடங்கு இறுக்கமாக வளையும். பூச்சியம் பாகையில், அதாவது கற்றை போகும் நேர்த் திசையில், அளக்கும்போது திரித்தன் தன் வழியில் போய் உணரிக்குச் சேர, கற்றையின் மிச்சம் முழுவதும், அதாவது கிட்டத்தட்ட எல்லாமே, முதல் காந்தத்துக்குள் வைத்த ஒரு ஃபரடே கிண்ணத்தில் (கற்றையை நிறுத்தி அதன் மின்னோட்டத்தை அளக்கும் உலோகக் கிண்ணம்) போய் முட்டி நிற்கும். 420 எம்ஈவி துணிக்கைகள் உலோகத்தில் முட்டினால் என்ன வரும்? நியூத்திரன். வாளி வாளியாக. அதுவும் இலக்கில் இருந்து சில மீற்றரில். நீங்கள் தேடுகிற நியூத்திரன் எதுவோ, அதே சாதி, அதே நிறம், நெற்றியில் எதுவும் எழுதியிருக்காது.

திண்ணையில் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். எண்கள் பேச்சுக்கு எடுத்தவை. ஒத்திசைவுப் பகுதியில் செக்கனுக்கு 100 திரித்தன் வருகிறது என்று வைப்போம். 20 செ.மீ. விட்டமுள்ள திரவக் கலங்கள் 30, இரண்டு மீற்றரில். ஒரு கலம் முழுக் கோளத்தில் 0.06 வீதம் மறைக்கும், 30உம் சேர்ந்து 1.9 வீதம், படுகிறதில் 30 வீதம் பிடிக்கும் என்றால் மொத்தம் 0.56 வீதம். கூட்டம் முழுவதும் பின்னணியில் செக்கனுக்கு 10,000 தடவை மினுங்கட்டும். ஒவ்வொரு திரித்தனுக்கும் 400 நனோசெக்கன் காத்திருந்தால் தற்செயலாக உள்ளே விழுவது 0.004, உண்மையாக வருவது 0.0056. சொல்லப்போனால் இது ஒன்றும் பெருமைப்படும் விகிதம் இல்லை, ஆனால் தற்செயல் எல்லா நேரத்திலும் சமமாகப் பரவிக் கிடக்கும், உண்மை தன் நேரத்தில் மேடாக எழும், காமாவை வால் பார்த்து வெட்டினால் அடி இன்னும் தாழும், கழிக்கலாம். ஒரு நாள் ஓட்டினால் 48,000 உண்மை நிகழ்வுகள் கிடைக்கும்.

ஈலியம்-3 பெட்டிக்கும் அதே 10,000 பின்னணிதான் என்று தாராளமாகவே கொடுப்போம் (உண்மையில் கூடத்தான் வரும், அது பெரிய வாய்). காத்திருக்க வேண்டியது 200 மைக்குரோசெக்கன். தற்செயல் ஒரு திரித்தனுக்கு 2. உண்மை 0.5. அதாவது ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் திறந்து பார்த்தால் இரண்டு அந்நிய மீன் இருக்கும், நம்முடையது இருந்தாலும் இருக்கும். ஒன்றா இரண்டா என்று நிகழ்வு நிகழ்வாக எண்ணத்தானே இதை எடுத்தோம்? பிரிக்கனுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை, அங்கே அயன்கள் பெட்டிக்கு நடுவில் சிலிக்கனில் மெதுவாக வந்து நின்றுவிடும், பக்கத்தில் கிண்ணமும் இல்லை.

நான் வெற்றிக் களிப்பில் தேத்தண்ணியைத் தூக்க, தம்பி காலண்டர் தாளைத் தன் பக்கம் இழுத்தான். "கற்றையை நூறில் ஒன்றாகக் குறைத்தால்?" குறைத்தால் திரித்தன் செக்கனுக்கு 1. பின்னணி 100. தற்செயல் திரித்தன் ஒன்றுக்கு 0.02. உண்மை அதே 0.5. செக்கனுக்கு உண்மையான பொருத்தம் 0.5, திரவம் முழுக் கற்றையில் தருவது 0.56. கிட்டத்தட்ட ஒரே அளவு, ஆனால் ஈலியம்-3 பக்கம் தண்ணீர் மாதிரித் தெளிவு.

பெடியன் சொன்னது சரி. இவ்வளவு காலமும் கற்றையைக் கூட்டுவதையே யோசித்த மண்டைக்கு இது எட்டவில்லை. தற்செயல் என்பது கற்றை அளவின் இருமடி மாதிரி ஏறும், உண்மை நேராகத்தான் ஏறும், அதனால் பெரிய வாயுள்ள உணரிக்குக் குறைந்த கற்றை நல்லது என்பது பாடப்புத்தக விஷயம், எனக்கே தெரிந்த விஷயம். ஆனாலும் ஒரு ஓட்டை இருக்கிறது. பின்னணி இரண்டுக்கும் 10,000 என்று நாங்களே தாராளமாக வைத்தது. பெட்டியின் வாய் நூறு மடங்கு பெரிது என்றால் கிண்ணத்தில் இருந்து வருவதையும் நூறு மடங்கு பிடிக்கும், அப்போது குறைந்த கற்றையிலும் தற்செயல் திரும்ப 2. வெளியே போரோன் கலந்த பொலித்தீன் சுவர் கட்டித் தடுக்கலாம், எவ்வளவு தடுபடும் என்பது காந்தத்தின் இரும்பு எங்கே, கிண்ணம் எங்கே, அறைச் சுவர் எவ்வளவு தூரம் என்பதில் இருக்கிறது. திண்ணையில் இருந்து சொல்ல முடியாது.

மற்ற வழிகளையும் ஒரு மேலோட்டமாகப் பார்த்தோம். இலிதியம்-6 கலந்த கண்ணாடி அரை எம்ஈவிக்குக் கீழே நல்லாக வேலை செய்யும், ஒன்றிரண்டு துண்டு வைத்துக் கீழ் முனையைச் சரிபார்க்கலாம், முழுக் கூட்டமாக வைக்க முடியாது. நியூத்திரனை விட்டுவிட்டு, அது போன பிறகு மிஞ்சிய கரு விடும் காமாவை ஜேர்மானியம் உணரியால் பார்க்கலாம், பிசுமது-207இன் காமாவா 206இன் காமாவா என்று பார்த்தே ஒன்று போனதா இரண்டு போனதா என்று தெரியும், துல்லியம் அபாரம். ஆனால் நேரடியாகத் தரை நிலைக்குப் போனால் காமாவே வராது, நாங்கள் ஆசையாகத் தேடுகிற அந்த 8.6 எம்ஈவிக்காரன் சத்தம் போடாமல் போய்விடுவான். இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது, கருவையே கற்றையாக விட்டு ஐதரசனை இலக்காக வைப்பது. ரைக்கனில் வெள்ளீயம்-132ஐ அப்படி விட்டார்கள். மிஞ்சிய கரு முன்னால் ஓடிப்போய்க் காந்தத்தில் வளையும்போது அன்டிமனி (வெள்ளீயத்தின் நியூத்திரன் ஒன்று புரோத்தனானால் வருவது) 132ஆ 131ஆ 130ஆ என்று திணிவே சொல்லிவிடும், தேய்வு நியூத்திரனைக் கையால்கூடத் தொடாமல் எத்தனை போனது என்று எண்ணியாயிற்று. வாழ்நாள் குறைந்த கருவுக்கு இதை மிஞ்ச வழி இல்லை. ஈயம்-208 சும்மா தகடாகக் கிடைக்கிறபோது அவ்வளவு பெரிய தேர் இழுக்கத் தேவையா என்பதுதான் கேள்வி.

என் முடிவு இது. மேற்பார்வையாளரின் மின்னஞ்சலைத் திரும்ப வாசித்தால் அவர் கேட்பது நேரடித் தேய்வின் பங்கு. அது வேகக் கேள்வி. ஆகவே திரவம், ஈ.ஜே. 309, 5 செ.மீ.க்கு மேலே தடிப்பு வேண்டாம், இரண்டு மீற்றருக்குக் குறைந்த தூரம் வேண்டாம், பக்கத்தில் கீழ் முனைக்கு நாலைந்து பிளாஸ்ரிக் கோல். எண்ணிக்கைக் கேள்விக்கும் திரவம் முழுதாகக் கைவிடாது. இரண்டு நியூத்திரனையும் சேர்த்துப் பிடிக்கும் வாய்ப்பு 0.56 வீதத்தின் இருமடி, லட்சத்தில் மூன்று, அதை மறந்துவிடலாம். ஆனால் திரித்தன் ஒன்றுக்குச் சராசரியாக எத்தனை நியூத்திரன் என்பதை அருட்டல் சக்தியோடு வரைந்தால், 15 எம்ஈவியைத் தாண்டும்போது அந்தக் கோடு ஒன்றில் இருந்து மேலே ஏறத் தொடங்கும். இரண்டையும் ஒன்றாகப் பிடிக்கத் தேவையில்லை, ஏறுவதைப் பார்த்தால் போதும். அதற்கு வினைத்திறன் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும், தானாகவே நியூத்திரன் விடும் கலிபோர்னியம்-252 சிறிதளவை இலக்கின் இடத்திலேயே வைத்து அளக்க வேண்டும், பக்கத்துக் கலத்தில் தெறித்து இரண்டாகக் காட்டும் கள்ளக் கணக்கைக் கழிக்க வேண்டும், அப்படி ஆயிரம் வேலை, ஆனால் தெரிந்த வேலைகள்.

தம்பிக்கு ஈலியம்-3ஐ விட மனமில்லை, அது முகத்தில் தெரிந்தது. இரவு ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது, லப்டொப் பற்றரியில் பதினெட்டு வீதம். அந்த வெளிச்சத்திலேயே மின்னஞ்சல் எழுதினான். தெரிவை இன்னும் எழுதவில்லை. கிண்ணத்தில் முழுக் கற்றை விழும்போது இலக்குக்குப் பக்கத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்குச் செக்கனுக்கு எத்தனை நியூத்திரன் என்று யாராவது எப்போதாவது அளந்திருக்கிறார்களா, அளந்திருந்தால் அந்த எண்ணும், இல்லாவிட்டால் ஜியன்ற்-4இல் (துணிக்கைகளின் போக்கைக் கணிக்கும் மென்பொருள்) போட்டுப் பார்க்க அறையின் வரைபடமும் அனுப்ப முடியுமா என்று மட்டும் கேட்டிருந்தான். அனுப்பும் பொத்தானை அழுத்த முதல் திரும்பி, "சேர் என்று போடுறதா, பேராசிரியர் என்று போடுறதா அண்ணா?" என்று கேட்டான்.